பூட்டிய வண்டியா, நான்கு பெட்டியா

ஜூன் 9, திங்கள்

காலை ஏழு மணிக்கே வியர்வை. கத்திரி முடிந்து இரண்டு வாரமாகப் போகிறது, வெயிலுக்கு அது தெரியவில்லை.

கோயம்புத்தூர் பட்டறையிலிருந்து ஃபோன். கார் தயார். நாமே போய் எடுப்பதா, லாரியில் வரவழைப்பதா, சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அதற்குள் ஆராய வேண்டியவை, வரிசைப்படி:

1. தூரம், சாலை.
2. செ. உடல்நிலை.
3. வழியில் பாகங்கள் சேதமாவது. எதில் வாய்ப்பு அதிகம்?
4. செ. வீட்டில் இறக்குவது. ஷெட் கதவு அகலம்.
5. பட்டறையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் காட்டுவது. தேவையில்லை. எப்படியும் பிரிக்கத்தானே போகிறார்கள்.
6. நான்.

(செ. = செல்வம், மங்கையின் தம்பி, என் மச்சான். ம. = மங்கை, என் மனைவி. யாருக்காக விளக்குகிறேன் என்று தெரியவில்லை. முப்பத்துநான்கு வருடம் பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுத்த பழக்கம். குறியீடு போட்டால் ஓரத்தில் விளக்கமும் போட வேண்டும்.)

ஐந்தாவதைப் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னது, மறப்பதற்குள்: "ஏனுங்க சார், நீங்களே வந்தீங்கன்னா ஒருக்கா முழுசாப் பூட்டிக் காட்டிருவேனுங்க. உக்காந்து, ஸ்டீரிங் புடிச்சு, காம்பவுண்டுக்குள்ள ரெண்டு சுத்து ஓட்டிப் பாக்கலாம். அப்பறம் பிரிச்சுப் பெட்டில போட்டுக் குடுப்பேன். பூட்டின வண்டியா விக்க எங்களுக்கு அனுமதி இல்லீங்க, பாகம் பாகமா, கிட்டாத்தான் குடுக்கோணும். லாரில அனுப்பறதுன்னா பூட்டறதே இல்லீங்க. நாலு பெட்டி, அவ்ளோதான்."

வண்டி: இரண்டு பேர் உட்காரும் திறந்த சின்னக் கார். குழாய்ச் சட்டம், ஃபைபர் உடம்பு, பேட்டரி. பாகங்களாக வரும், வாங்குகிறவன் பூட்டிக்கொள்ள வேண்டும். பதிவு கிடைக்காது, எனவே ரோட்டில் ஓட்ட முடியாது. ஆலப்பாக்கம் பக்கம் விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவில் தார் ரோடு போட்டிருக்கிறார்கள், வீடு ஒன்றுகூட இல்லை. அங்கே ஓட்டலாம் என்பது செ.யின் யோசனை. போன ஐப்பசியில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது போட்ட திட்டம். அவன் சிப்காட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். "நீங்க படத்தப் படிச்சிச் சொல்லுங்க மாமா, நான் பூட்டறேன்" என்றான். வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது.

தையில் அவனுக்குப் பக்கவாதம். வலது கை போயிற்று. பேச்சு பாதி திரும்பியிருக்கிறது.

மின்கட்டணம் கட்ட வேண்டும். மூக்குக் கண்ணாடித் திருகு தளர்வு.


ஜூன் 10, செவ்வாய்

கடலூர், செ.யைப் பார்க்க. 8.10 பஸ், ஜன்னல் ஓரம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் தூக்கம். டிபன்பாக்ஸை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

மஞ்சக்குப்பம் வீட்டில் செ. ஷெட்டில் இருந்தான். மார்கழியில் ஷெட்டின் சிமெண்ட் தரையில் வண்டியின் வரைபடத்தைச் சாக்பீஸால் முழு அளவில் போட்டுக் கொடுத்திருந்தேன். சக்கரம் நான்கும், இருக்கை இரண்டும், எல்லாம் அளவு பிசகாமல். அந்தக் கோடு அழியவே இல்லை. விமலா (வி. = செ.யின் மனைவி) கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பெருக்குகிறாள். ஓட்டுநர் இருக்கை உள்ள இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவன்.

"தெனம் காலையில காபிய இங்க கொண்டாந்து குடுத்தாத்தான் குடிக்கிறாருண்ணே. கூடத்துல குடுத்தா வாணாங்கறாரு. கார்ல போய்க்கினே குடிக்கிறாராம்."

செ. சிரித்தான். வாயின் ஒரு பக்கம் மட்டும்.

விஷயத்தைச் சொன்னேன். இரண்டு வழிகளையும் நடுநிலையாக விளக்கினேன். அப்படித்தான் நினைக்கிறேன். பூட்டிக் காட்டுவதைக் கடைசியில், குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னேன். அதுதான் அவன் காதில் விழுந்தது.

"ஓட்டிப்... பாக்கலாமா?"

"காம்பவுண்டுக்குள்ளதான். ரெண்டே சுத்து."

"போ...வோம் மாமா."

பிறகு வைஸ் என்ற இரும்புப் பிடியில் மாட்டியிருந்த போல்ட்டைக் காட்டினான். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை இடது கையில் பிடித்துக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கிக் காட்டினான். முழுதும் இறுக நான்கு நிமிடம். நெற்றி முழுக்க வியர்வை. பிறகு கழற்றினான். அதற்கு ஆறு.

இப்படித் தினமும் செய்கிறானாம்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எதைப் பார்த்து?


ஜூன் 11, புதன்

1 பற்றி: விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், சேலம் வழி. எட்டு மணி நேரம், நிறுத்தங்கள் சேர்த்துப் பத்து. எங்கெங்கே நல்ல கழிப்பறை என்று பக்கத்து வீட்டு ரிடையர்டு ரெயில்வே மனிதரைக் கேட்டேன். அவருக்கு ஸ்டேஷன்கள் மட்டுமே தெரியும்.

3 பற்றி: தனியாகப் போய் எடுத்தால் பெட்டிகளை நாமே கட்டலாம், சேதம் குறைவு. லாரியில் மற்ற சரக்கோடு வரும். இந்தப் புள்ளி போய் எடுப்பதற்குச் சாதகம். மார்ஜினில் + போட்டேன். பிறகு எதிர்ப்புள்ளி ஒன்று தேடினேன், கிடைக்கவில்லை.

ம. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே: "இன்னா கணக்குப் போடறீங்க ரெண்டு நாளா?"

"போறதா வரவழைக்கிறதான்னு."

"போறதுன்னா போங்க. அவனுக்குக் கைதான் வரல, கால் வருதில்ல. கூடமாடப் புடிச்சிக் கூட்டிம்போக ஆளு வேணும், அவ்ளோதான."

"வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"வீட்ல இருந்தா ஆவாதா? ஏங்க, பயப்படறதுக்குக்கூட நோட்டு போட்டு நம்பர் போடற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

 


ஜூன் 12, வியாழன்

வாகன விசாரணை. மஞ்சக்குப்பம் ஸ்டாண்டில் ஜாபர் பாய், பரங்கிப்பேட்டைக்காரர், சொந்தமாகச் சின்னச் சரக்கு வண்டி வைத்திருக்கிறார். ஃபோனிலேயே பேசி முடித்தார். முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் நான்கு பெட்டி.

"சார், அண்ணன நான் நடுவுல குந்த வச்சி அணைச்சாப்ல இட்டுனு போறேன். வரும்போது களைச்சிப் போனாருன்னா பின்னாடி பெட்டிங்களுக்கு நடுவுல மெத்த போட்டுர்றேன், ராஜா மாதிரி படுத்துனு வரட்டும். நீங்க டென்ஷன் ஜாஸ்தி ஆவாதீங்க."

சரக்கு வண்டியின் பின்னால் ஆளை ஏற்றுவது சட்டப்படி தவறல்லவா என்று கேட்டேன்.

"அப்ப நீங்க பின்னாடி படுத்துக்கோங்க சார். உங்கள சரக்குன்னு எழுதிர்றேன்."

சிரித்தேன். ஃபோனில் சிரிப்பு தெரிந்திருக்குமா தெரியவில்லை. ஞாயிறு விடிகாலை கிளம்புவதாக ஏற்பாடு. பட்டறைக்கு மட்டும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.


ஜூன் 13, வெள்ளி

பட்டறைக்குச் சொல்லவில்லை.

2 பற்றி: வி. காலையில் பேசினாள். நேற்று செ.யை டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். "போவலாம்னுதாண்ணே சொல்றாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி எறக்கி நடக்க வைங்க, மாத்திரை தவறக்கூடாது, அவ்ளோதான்னாரு. இவுரு வேட்டி எடுத்து வைன்றாரு. எந்த வேட்டி வேணும்னு மூணுவாட்டி பொட்டிய இறக்க வச்சிட்டாரு."

டாக்டர் போகக் கூடாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்தேன் என்று நாகரிகமாக எழுதுகிறேன். வேண்டிக்கொண்டிருந்தேன்.

இனி 6, நான். இதை எழுதாமல் மற்றவற்றை எழுதுவதில் பொருள் இல்லை.

தையில், வடலூர் பஸ் நிலையம். நானும் செ.யும் மட்டும். பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். கையிலிருந்து பழம் விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே பெஞ்சில் சாய்ந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்தது. எனக்கு என்ன நடக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ள வழி இல்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். 11.20 என்று எழுதினேன். பேனா சரியாக எழுதவில்லை. உதறி, அதன்மேலேயே மறுபடி எழுதினேன். பிறகுதான் கத்தினேன், ஆட்டோ வந்தது.

ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார்கள். சொன்னேன். "இவ்வளவு கரெக்டா யாரும் சொல்ல மாட்டாங்க சார், ரொம்ப உதவி" என்றார் சின்ன டாக்டர். ம. அதை ஊரெல்லாம் சொன்னாள்.

பேனாவை உதறிய நேரம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. செ.யின் கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தானா, வெறுமனே திறந்திருந்ததா, தெரியாது. அவனைக் கேட்டதில்லை.

ஆத்தூருக்கும் சேலத்துக்கும் நடுவில் எங்கேயாவது மறுபடி நடந்தால், இந்தக் கைதான் அங்கேயும் இருக்கும்.


ஜூன் 14, சனி

காற்றே இல்லை. வேப்ப மரம் வரைபடம் மாதிரி நின்றது.

பத்து மணிக்குப் பட்டறைக்கு ஃபோன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்: "ஞாயிறு கிளம்புகிறோம். திங்கள் காலை வருகிறோம். பூட்டி வையுங்கள்." மூன்றே வாக்கியம்.

"சொல்லுங்க சார், வர்றீங்ளா, அனுப்பட்டுங்ளா?"

"அனுப்பிடுங்க" என்றேன்.

தாள் கையில்தான் இருந்தது.

"செரிங்க. கடலூர் அட்ரஸ்ஸுக்கே டோர் டெலிவரி போட்டுர்றேன்" என்று வைத்துவிட்டார். திரும்ப அழைத்து மாற்றியிருக்கலாம். மதியம் ஒன்றரை வரை ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு சாப்பிட்டேன்.

ஜாபர் பாய்க்குச் சொன்னேன். "பரவால்ல சார்" என்றார். பிறகு, "அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார்.

செ.யிடம் சாயங்காலம் ஃபோனில் சொன்னேன். பாய் வண்டி இன்ஜின் ரிப்பேர், வேறு வண்டி கிடைக்கவில்லை, பட்டறையில் காத்திருக்க மாட்டார்களாம் என்றேன். மூன்று பொய். வரிசைப்படி.

 அவன் வீட்டு டி.வி. சத்தம் கேட்டது. பிறகு:

"சரி... மாமா."

வேட்டியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாளா என்று வி.யிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.


ஜூன் 15, ஞாயிறு

கிளம்பியிருந்தால் இந்நேரம் விருத்தாசலம்.

 ம. தட்டை வைத்துவிட்டுப் போனாள். வழக்கமாகத் திட்டுவாள், அது பரவாயில்லை.

கிளம்பியிருந்தால் இந்நேரம் ஆத்தூர்.


ஜூன் 19, வியாழன்

காலையிலேயே கடலூர். லாரி பதினொன்றரைக்கு வந்தது. வீட்டுக்கு அல்ல, தெருமுனைக்கு. ரேஷன் கடைக்கு எதிரில் நான்கு மரப்பெட்டிகளை இறக்கி, என் கையில் காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார் டிரைவர்.

"டோர் டெலிவரின்னு போட்டிருக்கே?"

"டோர் டெலிவரின்னா டோர் வரைக்கும் ரோடு இருக்கணும் சார். இந்தச் சந்துல என் வண்டி பூந்தா அப்புறம் சந்தத்தான் பிரிச்சி எடுக்கணும்."

கையெழுத்துப் போட்டேன். லாரி போய்விட்டது. நான்கு பெட்டி, வெயில், நான். ரேஷன் கடைக்கு வந்த பெண்கள் பெட்டிமேல் பையை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "இன்னா சார், கட்டிலா?" என்றாள் ஒருத்தி. கார் என்றேன். "மடிச்சி வச்சிருக்கா?" என்று இன்னொருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

யாரை அழைப்பது? கடலூரில் வண்டி வைத்திருக்கும் ஒரே ஒரு எண்தான் என்னிடம் இருந்தது. அழைக்கும்போது என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிறவன் அதை யோசிக்கவில்லை.

ஜாபர் பாய் பத்து நிமிடத்தில் வந்தார், கூட இரண்டு ஆட்கள். பெட்டிகளை ஏற்றிச் சந்துக்குள் பின்னால் எடுத்தே கொண்டுவந்தார். செ. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான். வி. பின்னால்.

"இன்னாண்ணே" என்றார் பாய், பெட்டியை இறக்கிக்கொண்டே, "ஜம்முனு போயி ஓட்டிப் பாத்துட்டே எடுத்தாந்திருக்கலாம்ல? சனிக்கிழம காலையிலயே டேங்க் ரொப்பி, வண்டியக் கழுவி, உனக்குன்னு தலகாணிகூட எடுத்து வச்சிருந்தேன். சார்தான் வாணாம்னு..."

என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நிறுத்தியதால்தான் செ.க்கு முழுதும் விளங்கிவிட்டது.

செ. பெட்டிகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சொல் வருவதற்கு அவனுக்கு எப்போதும் நேரமாகும். எல்லோரும் காத்திருந்தோம். பாயின் ஆட்கள்கூட.

"மணி..."

"மணி என்னாங்க?" என்றாள் வி.

"மணி... எழுதிக்கிட்டீங்களா மாமா?"

வி.க்குப் புரியவில்லை. பாய்க்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் சொன்னது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆக, வடலூரில் கண் வெறுமனே திறந்திருக்கவில்லை.

ஷெட் கதவு ஆறடி இரண்டு அங்குலம். பெட்டிகள் இடிக்காமல் போயின. சாக்பீஸ் கோட்டுக்குள் நான்கும் சரியாக அடங்கின. என் அளவு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.


ஜூன் 20, வெள்ளி

அண்ணாமலை நகர் கடையில் கண்ணாடித் திருகு போட்டாயிற்று. வேறொன்றும் எழுதவில்லை.


ஜூன் 21, சனி

கடலூர். இம்முறை ம.யும் கூட வந்தாள். பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவன் எதிர்ல நோட்ட எடுக்காதீங்க." ஷெட்டில் எடுக்கவில்லை. இதைத் திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்துக் கோணல்.

பெட்டிகளைத் திறந்தோம். பட்டியலோடு சரிபார்த்தேன், பட்டறை அச்சடித்துக் கொடுத்த பட்டியல், என்னுடையது அல்ல. எல்லாம் இருந்தன. ஃபைபரில் ஒரு கீறல் இல்லை. மாம்பழ மஞ்சள். செ. தேர்ந்தெடுத்த நிறம். "ஸ்கூல் பஸ் குட்டி போட்ட மாதிரி இருக்குடா" என்றாள் ம. தம்பியிடம். அவன் சிரித்தான்.

வழிகாட்டிப் புத்தகம் முதல் பக்கம், முதல் படம்: முன்பக்கச் சட்டமும் குறுக்குக் குழாயும், ஆறு போல்ட். படம் எனக்குப் பார்த்ததும் புரிந்தது. மூன்று கோணமும் தெளிவு. செ. இடது கையால் குழாயைத் தாங்கிக்கொள்ள, நான் ஸ்பேனரைப் பிடித்தேன். எழுபத்திரண்டு வயதில் முதல் முறை என்று சொல்லலாம். மூளைக்குப் புரிந்தது கைக்குப் புரியவில்லை. போல்ட் கோணலாக ஏறியது. எனக்குத் தெரியவில்லை. செ.க்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அவன் வாய் திறந்து திணறுவதைப் பார்த்தேன், உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து இன்னும் அழுத்தித் திருகினேன்.

"நிறு..த்துங்க" என்ற சொல் வெளியே வந்தபோது போல்ட்டின் மரை நசுங்கிப் போய்விட்டிருந்தது.

முதல் பக்கம், முதல் போல்ட். புத்தகத்தில் நாற்பத்தெட்டுப் பக்கம்.

 வி. டீ கொண்டுவந்தாள். பட்டறைக்கு ஃபோன் செய்து ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "இங்க வந்திருந்தீங்கன்னா ஏழு பேரு இருக்கமுங்க, அரை நாள் வேலை. அத்தன தூரம் ஆளனுப்பறது கஷ்டமுங்க சார்." கடலூரில் மெக்கானிக் பார்க்கலாம் என்றேன். செ. தலையாட்டினான். எனக்காகச் சரி என்று சொல்லும் தலையாட்டல்.

பிறகு மூன்றாவது பெட்டியைக் காட்டினான். ஸ்டீரிங் சக்கரம் அதில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பெட்டிகளை ஒதுக்கி, சாக்பீஸ் இருக்கையில் ம. நாற்காலியைப் போட்டாள். உட்கார்ந்து சக்கரத்தை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டான். இடது கையால் வலது கையைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தான். நழுவியது. மறுபடி வைத்தான், மறுபடி நழுவியது. இரண்டு கையும் சக்கரத்தில் இருக்க வேண்டும் போல. மூன்றாவது முறை நான் போய் அவன் கைமேல் என் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. சக்கரத்தை எங்கேயும் பொருத்தவில்லை, அதனால் எந்தப் பக்கமும் சுலபமாகத் திரும்பியது. அதைத்தான் கவனித்தான் என்று நினைக்கிறேன்.

"அங்கன்னா... திருப்பினா வண்டி திரும்பியிருக்கும் மாமா" என்றான். முழு வாக்கியம், ஒரே இடத்தில்தான் திக்கியது.

1, சாலை, சரி. 2 டாக்டரே சரி என்றார். 3ல் லாரியால் சேதம் இல்லை, என்னால் ஒரு போல்ட். 4, ஷெட் கதவு, சரி. 6 எழுதியாயிற்று.

5இல் பூட்டிக் காட்டுவது தேவையில்லை, எப்படியும் பிரிக்கத்தானே போகிறார்கள் என்று எழுதியிருந்தேன். அது தவறு.